பிரசவ வார்டில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா

வேலையிடத்தில் உங்களை வளர்த்துவிட்டு இன்று உயிரோடு இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, அரசு மருத்துவமனையின் சீமாங் பிரிவில் (பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் பிரிவு) எனக்கு சீனியராக இருந்த ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான்.

நான் சேர்ந்தபோது பாடமெல்லாம் மனப்பாடம். குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட், 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து. ஆனால் ரத்தம் அளவுக் குவளையில் வந்து விழாது, துணியிலும் மெத்தையிலும் இடுப்புக்கு அடியிலும் தேங்கும். குழந்தை அழுததும் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் போய்விடும், அக்காவின் கை மட்டும் தாயின் வயிற்றிலேயே இருக்கும். என் கையையும் பிடித்துத் தொப்புளுக்குக் கீழே வைத்து அழுத்துவார். "கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியா இருக்கா? அப்போ சரி. மெத்துன்னு அமுங்குச்சுன்னா யாரையும் தேடி ஓடாத, கையை எடுக்காம தேய்ச்சுவிட்டுக்கிட்டே சத்தம் போட்டுக் கூப்பிடு." நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது, அது சுருங்காவிட்டால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிரஷர் ஏறி வலிப்பு வரும் நிலையில் இருக்கும் தாய்மார்களுக்கு மேக்சல்ஃப், அதாவது வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவோம். உடம்பில் அது அளவுக்கு மீறினால் மூச்சே நின்றுவிடலாம். அடுத்த டோஸுக்கு முன்னால் முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, யூரின் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தாலும், ராத்திரி மூன்று மணியானாலும், அக்கா சுத்தியலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய் தானே தட்டிப் பார்ப்பார். மேக்சல்ஃப் அதிகமாகிவிட்டால் போடும் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ட்ரேயில் இருக்கிறதா என்று அப்புறம் ஒரு பார்வை.

வலியில் கத்தும் பெண்களை யாராவது அதட்டினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "அவ வலி, அவ கத்துறா, உனக்கென்ன" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொடுக்கப் போய்விடுவார். எங்களைத் திட்டுவதென்றால் ட்யூட்டி ரூமுக்குக் கூட்டிப் போய்த்தான் திட்டுவார், நோயாளி முன்னால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தனை பிரசவம் பார்த்த கைக்கு ஒரு விருது கூடக் கிடைக்கவில்லை, எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

ரிட்டயர் ஆன கொஞ்ச காலத்திலேயே கிட்னி போய், போன வருஷம் இறந்துவிட்டார். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. கடைசியாக நான் பார்த்தது டயாலிசிஸ் கட்டிலில். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்டிருந்த கையிலேயே பிபி பார்க்க கஃப்பைச் சுற்ற வந்தாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் விரலைப் பிடித்துத் தன் மணிக்கட்டுக்கு மேல் வைத்து, "அதிர்வு தெரியுதா? இது தெரியுற கையில கஃப் கட்டக்கூடாது, ஊசியும் போடக்கூடாது, அடைச்சுக்கும்மா" என்றார். அந்தப் பெண் மறு கையில் பிபி பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள், எந்தக் காலேஜில் படித்தாய், நைட் ட்யூட்டி எத்தனை நாள் போடுகிறார்கள் என்று அக்கா விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.