வேலையை விடாமல் மெஷின் லேர்னிங்கில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பட்டத்தின் பெயரில் 'அப்ளைடு' இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் ஆழமாக இல்லாத படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சித் தரவில் 99 சதவீதம் காட்டிய மாடல் புதுத் தரவில் ஏன் சொதப்புகிறது என்று கண்டுபிடிக்க அந்தக் கணக்குதான் கைகொடுக்கும். அப்புறம், ப்ராஜெக்டுக்குத் தருவது சுத்தம் செய்த தரவா, விடுபட்ட மதிப்புகளும் தப்பான லேபிள்களும் நிறைந்த நிஜத் தரவா என்று அங்கே படித்தவர்களிடம் விசாரியுங்கள். இது ரொம்ப முக்கியம்.

உங்கள் நிலைமைக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்எஸ் பொருந்தும்: 2014-இல் தொடங்கியது, 10 பாடங்கள், மெஷின் லேர்னிங் சிறப்புப் பிரிவும் உண்டு. இந்தியாவில் நேரில் படிப்பதென்றால், எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸ், ஏஐ இரண்டுக்கும் சேர்த்துத் தனித் தாள் இருக்கிறது.