கேள்வி பதில்: கம்பைல் ஆனதா, பூட்டியதா?

கேள்வி: ஒரு விளையாட்டுக்காக நான் லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகளின் மூலக் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டன. வெளியிட்ட தொகுப்பில் இருக்கும் கோப்புகள் மட்டும்தான் மிச்சம். நோட்பேடில் திறந்தால் ஒரே கிறுக்கல். இது கம்பைல் ஆனதா (கணினி ஓட்டும் வடிவுக்கு மாறியதா), என்கிரிப்ட் ஆனதா (சாவி போட்டுப் பூட்டியதா)? மீட்க வழி உண்டா?

பதில்: முதல் வேலையாக நோட்பேடை மூடுங்கள், கை தவறி சேவ் கொடுத்தால் இருப்பதும் போச்சு. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு கோப்பை பைட் பைட்டாக எண்களில் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் நான்கு பைட்டைப் பாருங்கள். பத்தடிமான எண்ணில் 27, 76, 117, 97 என்று இருந்தால் அது சாதாரண லுவா பைட்கோட், அதாவது கம்பைல் ஆன ஸ்கிரிப்ட், பூட்டெல்லாம் இல்லை. அடுத்த பைட் 81 என்றால் லுவா 5.1, 83 என்றால் 5.3. அன்லுவாக் மாதிரி ஒரு டிகம்பைலரிடம் (பைட்கோடைத் திரும்ப ஸ்கிரிப்டாக மாற்றும் கருவி) கொடுத்தால் படிக்கிற அளவுக்குத் திரும்பி வரும். கமென்ட்டுகள் மட்டும் வராது, கம்பைல் ஆகும்போதே அவை போய்விடும். பிழை தேட உதவும் டீபக் தகவலையும் நீக்கியிருந்தால் லோக்கல் மாறிகளின் பெயரும் போயிருக்கும், ஆனால் ஃபங்ஷன்களை அழைக்கும் குளோபல் பெயர்களும் மேற்கோளுக்குள் எழுதிய வாசகங்களும் அப்படியே இருக்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டே பாதி நினைவுக்கு வந்துவிடும்.

அந்த நான்கு எண்கள் இல்லையென்றால்தான் என்கிரிப்ஷன் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அதிலும் பல விளையாட்டுகள் செய்வது வெறும் எக்ஸார்தான், அதாவது ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாவி எண்ணோடு எக்ஸார் செய்துவிடுவது (இரண்டு எண்களின் பிட்டுகள் வேறுபடும் இடத்தில் மட்டும் 1 போடும் கணக்கு; அதே சாவியோடு மறுபடி செய்தால் பழைய எண் திரும்பி வரும்). உங்கள் கோப்பு 65, 22, 47, 59 என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இவற்றை 27, 76, 117, 97 உடன் வரிசையாக எக்ஸார் செய்து பாருங்கள், நான்குக்கும் 90 என்றே விடை வரும். சாவி அவ்வளவுதான்! இன்னொரு தடயமும் உண்டு: பைட்கோடில் பூஜ்யங்கள் ஏராளம், பூஜ்யத்தை எதோடு எக்ஸார் செய்தாலும் அந்த எண்ணேதான் வரும், அதனால் கோப்பு முழுக்க 90, 90, 90 என்று சாவி தானே பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். (இதைப் பாதுகாப்பு என்று நம்பி விற்கிறவர்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.)

எந்த ஒழுங்கும் தெரியாமல், கோப்பின் அளவும் சரியாக 16-ஆல் வகுபட்டால், 16 பைட் துண்டுகளாகப் பூட்டும் ஏஇஎஸ் என்ற வலுவான என்கிரிப்ஷனாக இருக்கலாம். அதை உடைக்கப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், தேவையும் இல்லை. விளையாட்டு ஓட வேண்டுமென்றால் அதுவே பூட்டைத் திறந்துதானே லுவாவிடம் கொடுத்தாக வேண்டும்? ஓடும் நிரலை இடையில் நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரில், ஸ்கிரிப்டை ஏற்றுகிற லுவாவின் லோட்பஃபர் ஃபங்ஷனில் நிறுத்திப் பாருங்கள், திறந்த பைட்கோட் மெமரியில் அப்படியே கிடைக்கும். உங்கள் சொந்த எழுத்து என்பதால் சொல்கிறேன், அடுத்தவர் கோப்பென்றால் உரிம விஷயம் வேறு.

அப்புறம் ஒன்று: தலைப்பு பைட்டுகள் சரியாக இருந்தும் டிகம்பைலர் உளறினால், ஆப்கோடு எண்களை (பைட்கோடில் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்) இடம் மாற்றிப் போட்டிருக்கலாம். சாதாரண லுவாவில் ஒரு சின்ன ஸ்கிரிப்டை கம்பைல் செய்து, அதே ஸ்கிரிப்டை விளையாட்டின் கம்பைலரிலும் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த எண் எங்கே போனது என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம்.