புதுக் காருக்கு எந்த மெழுகு? கிணற்றுத் தண்ணீரையும் நினைத்துக்கொண்டு வாங்குங்கள்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பல வருடம் காசு சேர்த்துப் போன மாதம்தான் கார் எடுத்தோம். கறுப்பு நிறம். வேலைக்காக நாளாந்தம் பருத்தித்துறைக்குப் போய்வருகிறேன். வீட்டில் கராஜ் இல்லை, மாமரத்துக்குக் கீழேதான் நிற்கிறது. கடையில் மெழுகு கேட்டால் பத்து வகை ரின்னை எடுத்து வைக்கிறார்கள். புதுப் பெயின்றுக்கு மூன்று மாதம் ஒன்றும் பூசக்கூடாது என்கிறார் மைத்துனர். கழுவுகிற இடத்தில் 'கட் அண்ட் பொலிஷ்' செய்தால் கண்ணாடி மாதிரி வரும் என்கிறார்கள். எதை வாங்குவது? மிச்சத்தை மோட்டார்சைக்கிளுக்குப் பூசலாமா?"

பெயின்றை உரசும் அரைதுகள் கலக்காத சிந்தெற்றிக் சீலன்ற், அதாவது மெழுகு மாதிரிப் பூசும் செயற்கைப் பூச்சு ஒன்று வாங்குங்கள். இந்த வாரமே பூசலாம். கட் அண்ட் பொலிஷ் இப்போது வேண்டவே வேண்டாம்.

மைத்துனர் சொன்ன விதி உண்மையானதுதான். ஆனால் அது நெளிவு எடுத்து (ரிங்கரிங் செய்து) திரும்பப் பெயின்ற் அடித்த வாகனத்துக்கு உரியது. எங்கள் கராஜுகளில் அடிக்கிற பெயின்ற் சாதாரண வெப்பத்திலோ, 60 பாகை அளவு சூட்டிலோ காய்கிறது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே இருக்கும் தின்னர் கிழமைக் கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அதற்கு முன் மெழுகால் மூடிவிட்டால் பளபளப்பு மங்கிப்போகும். தொழிற்சாலையில் கதை வேறு. ஆசனம், வயர், றபர் ஒன்றும் பூட்டாத வெறும் கூட்டை 140 பாகை செல்சியஸ் அளவில் அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். பிறகு கப்பல், துறைமுகம், விற்பனை முற்றம் என்று எல்லாம் தாண்டி உங்கள் படலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காத்திருக்க இனி ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 2020இல் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு எங்கள் பக்கம் 'புதுக் கார்' என்று வருவதில் நிறைய யப்பானில் ஓடிய றீகண்டிஷன் வாகனங்கள். அவற்றை விற்பதற்கு முன் ஏற்கெனவே பொலிஷ் போட்டிருப்பார்கள். பம்பரோ கதவோ திரும்பப் பெயின்ற் அடித்ததாகவும் இருக்கலாம். உங்களுடையது அப்படியென்றால், எந்தப் பகுதிக்கு எப்போது பெயின்ற் அடித்தது என்று விற்றவரிடம் கேளுங்கள். அண்மையில் அடித்த பகுதிக்கு மட்டும் மைத்துனரின் மூன்று மாதம் பொருந்தும்.

கட் அண்ட் பொலிஷை ஏன் இவ்வளவு அழுத்தி மறுக்கிறேன்? காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்றொரு படை இருக்கிறது. அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்கிரோன், அதாவது தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது அந்தப் படைதான். கட் அண்ட் பொலிஷ் என்பது கொம்பவுண்ட் என்னும் உரசும் பசையை வைத்து மெஷினால் தேய்ப்பது. அப்படி உரசும் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்கிரோன் தேய்ந்து போகிறது. கீறல் விழுந்த பழைய காருக்கு அது வைத்தியம். கீறலே இல்லாத புதுக் காருக்கு வீண் செலவு மட்டுமில்லை, பத்து வருடம் கழித்து உண்மையாகவே தேவைப்படும்போது உரசுவதற்குப் படை மிஞ்சாது. நான் பெயின்ற் வேலை பார்த்த காலத்தில் கூரையிலும் பொனற்றிலும் கிளியர் கோட் வெண்செதிலாக உரிந்து வந்த கார்களைக் கண்டிருக்கிறேன். வருடா வருடம் பொலிஷ் போட்டு ஆசையாகப் பார்த்த வாகனங்களும் அவற்றில் இருந்தன. அதற்குப் பிறகு எந்த மெழுகும் உதவாது, திரும்பப் பெயின்ற்தான்.

ஆகவே கடையில் ரின்னைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது பெயரோ விலையோ அல்ல, உரசும் பொருள் கலந்திருக்கிறதா என்பதைத்தான். 'கிளீனர் வாக்ஸ்', 'ரபிங்', 'ஸ்கிராட்ச் ரிமூவர்' என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். யப்பானிய ரின்கள் பலவற்றில் கொம்பவுண்ட் உண்டா இல்லையா என்று அவர்கள் எழுத்திலேயே குறித்திருக்கும், கைத்தொலைபேசிக் கமெராவால் மொழிபெயர்த்துப் பார்க்கலாம். வாங்கிய பிறகும் சந்தேகமென்றால் பழைய சீடி ஒன்றை எடுங்கள். அதன் மினுங்கும் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, மெல்லிய துணியால் இருபது தரம் தேய்த்துத் துடைத்து, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் அது உங்கள் கறுப்புக் காருக்கு ஆகாது.

இனி மெழுகா, சீலன்றா என்ற கேள்வி. இயற்கை மெழுகில் பேர்பெற்றது கார்னௌபா. அது வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் இருந்து வருகிறது, எங்கள் பனைக்குத் தூரத்து உறவு. கோடையில் ஓலையின் ஈரம் வற்றிப்போகாமல் அந்த மரமே பூசிக்கொள்ளும் பூச்சு அது. உருகுநிலை 82 முதல் 86 பாகை. தேன்மெழுகு 62இலேயே உருகத் தொடங்கிவிடும். கறுப்பு நிறத்துக்கு கார்னௌபா தரும் ஆழமான ஈரமினுக்கத்தை வேறொன்றும் தராது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நட்ட மத்தியானத்தில் கறுப்புப் பொனற்றின் சூடு 70 பாகைக்குக் கிட்டப் போகும் ஊரில், மரத்தடியில் நிற்கும் காரில் அது ஒன்றரை மாதம் நின்றால் பெரிய காரியம். சீலன்ற் என்பது ஆய்வுகூடத்தில் செய்த பொலிமர். மினுக்கம் சற்றுக் கூர்மையாக இருக்கும், நாலு மாதமளவு நிற்கும். கலியாணம், கோயில் திருவிழா என்று விசேட நாளுக்கு மினுக்கம் வேண்டுமென்றால் சீலன்றுக்கு மேலே கார்னௌபா பூசலாம். மாறிப் பூசக்கூடாது: மெழுகுக்கு மேலே சீலன்ற் ஒட்டாது. செரமிக் கோட்டிங் நல்ல சாமான்தான், வருடக் கணக்கில் நிற்கும். ஆனால் அதைப் போடுகிறவர் முதலில் மெஷினால் உரசித்தான் போடுவார். தேர்ந்த கை கிடைக்காவிட்டால் பிழையாகிப்போகும், பிழையானால் திருத்தவும் உரசத்தான் வேண்டும்.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டுகிறதே, அதே சுண்ணாம்புதான் கிணற்றுத் தண்ணீரில் கழுவும் காரிலும் இறங்குகிறது. மெழுகு பூசிய பெயின்றில் தண்ணீர் பரவாது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். விளம்பரத்தில் அதைத்தான் காட்டுவார்கள். எங்கள் தண்ணீரில் அந்த முத்து ஒவ்வொன்றும் வெயிலில் வற்றும்போது, இருந்த சுண்ணாம்பு முழுவதையும் விளிம்பில் ஒரு வெள்ளை வளையமாக விட்டுவிட்டுப் போகும். அதன் மேலேயே அடுத்த கிழமையும் கழுவினால் வளையத்துக்கு மேல் வளையம். கறுப்புக் காரில் அம்மைத் தழும்பு போலத் தெரியும். அப்போது எல்லாரும் மெழுகைத்தான் குறை சொல்வார்கள். நல்ல மெழுகு பூசினால் துடைப்பதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

வெயில் ஏற முன்னம், அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கழுவுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரை இரண்டு மூன்று பெரிய கலன்களில் பிடித்து மூடி வைத்தால், கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. அலசியதும் காய விடாதீர்கள். தடித்த மைக்குரோபைபர் துவாயை விரித்துப் போட்டு மெல்ல இழுத்து எடுங்கள். ஏற்கெனவே வளையம் விழுந்திருந்தால் வினாகிரிக்கு அதேயளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, நன்றாக அலசி விடுங்கள். அந்த இடத்தில் சீலன்றும் போய்விடும், திரும்ப ஒரு தொடுகை பூச வேண்டும். சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் வாளிக்குள் வரவே கூடாது, நாலு மாதப் பூச்சை அவை நாலைந்து கழுவலில் தின்றுவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து மினுக்கும் பழக்கமும் எங்கள் பக்கம் இருக்கிறது. அது மெழுகைக் கரைக்கும், எண்ணெய்ப் பசையில் புழுதியும் ஒட்டும்.

பருத்தித்துறைக்குப் போகும் வழியில் நீங்கள் நாளாந்தம் வல்லை வெளியைக் கடக்கிறீர்கள். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே காற்றோடு வருவது உப்பும் மண்ணும். கிழமைக்கு ஒரு தரமாவது, துணி தொடுவதற்கு முன், தண்ணீரைப் பாய்ச்சி அந்த மணலை இறக்கிவிடுங்கள். கையில் எவ்வளவு மெல்லிய துணி இருந்தாலும் மணல் இருந்தால் அது அரத்தாள்தான். கதவின் அடி விளிம்பு, சில்லு வளைவின் உட்புறம் ஆகிய இடங்களில் உப்புத் தங்கும். சீலன்ற் பூசும்போது கதவைத் திறந்து அந்த விளிம்புகளுக்கும் பூசுங்கள்.

அடுத்தது மாமரம். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் சுரக்கும் இனிப்புப் பிசின் பொட்டுப் பொட்டாகக் காரில் விழும். விட்டால் அதன்மேல் கரும்பூஞ்சணம் பிடிக்கும். அதைவிடப் பொல்லாதது காக எச்சம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ற் சூடேறி இளகி விரிந்திருக்கும் நேரம் எச்சம் மேலே காய்ந்து இறுகுகிறது, குளிரும்போது பெயின்ற் அதைச் சுற்றிச் சுருங்குகிறது. எச்சத்தைக் கழுவின பிறகும் அதன் வடிவம் மங்கலாக அப்படியே இருக்கும். என்னிடம் வந்த ஒரு காரில் விரல்நுனியால் தடவியே அந்த ஓரத்தை உணர முடிந்தது. ஒரேயொரு நாள் வெயிலில் நின்றதன் விளைவு. சீலன்ற் அதை முற்றாகத் தடுக்காது, உங்களுக்குச் சில மணி நேரம் வாங்கித் தரும். ஆகவே காரில் ஒரு போத்தல் தண்ணீரும் சுத்தமான துணியும் எப்போதும் இருக்கட்டும். எச்சத்தைக் கண்டால் சுரண்டாமல், ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, தூக்கி எடுங்கள்.

பூசும் முறையில் பலரும் விடும் பிழை அள்ளிப் பூசுவதுதான். கழுவித் துடைத்த பொனற்றில், கையை மெல்லிய பொலித்தீன் பைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று போனால் நேரே பூசலாம். சொரசொரவென்று பட்டால் முதலில் கிளே பார் என்னும் களிக்கட்டியை ஷம்பூத் தண்ணீரோடு மெல்ல ஓட்டி அந்த ஒட்டல்களை எடுக்க வேண்டும். நிழலில், புறங்கையை வைத்தால் குளிர்ந்திருக்கும் பெயின்றில், பஞ்சுத் தட்டில் பயறளவு எடுத்து ஒரு கதவுக்குப் பாதியாகப் பரப்புங்கள். சாய்ந்து பார்த்தால் ஆவி படிந்ததுபோல் தெரிந்தால் போதும். போத்தலில் சொன்ன நேரம் விட்டு, விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக் பகுதிகளில் படாமல் பாருங்கள், வெள்ளையாகக் கறை பிடிக்கும். முன் கண்ணாடியிலும் வேண்டாம், மழையில் வைப்பர் துள்ளும். அன்றிரவு கார் நனையக் கூடாது. மாமரத்தடியை விட்டு ஒரு நாள் உறவினர் வீட்டுக் கொட்டகையில் விட முடிந்தால் நல்லது.

வருடத்துக்கு மூன்று முறை போதும். சோளகம் பலக்க முன் வைகாசியில், மாரி தொடங்க முன் புரட்டாசியில், மழை ஓய்ந்த பிறகு தையில். நாலு நாலு மாதமாகச் சரியாக வரும்.

மிச்சத்தை மோட்டார்சைக்கிளின் பெற்றோல் ராங்கிக்கும் மட்கார்டுக்கும் தாராளமாகப் பூசலாம். சீற்றில் பூசாதீர்கள், வழுக்கும். ரயரிலும் பிறேக் டிஸ்கிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது, பிறேக் பிடிக்காது. முன் சில்லை ஒரு பழைய சாறத்தால் மூடிக்கட்டிவிட்டுத் தொடங்குங்கள். ரின்னை இறுக மூடி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். காரின் டிக்கிக்குள் விட்டால் சூட்டில் பிரிந்து, அடுத்த முறை திறக்கும்போது மேலே எண்ணெயும் கீழே கட்டியுமாக இருக்கும்.