முதல் தடவை டோக்கியோ போகும் குடும்பம் எந்தப் பகுதியில் ஓட்டல் எடுப்பது நல்லது?

அப்பா அம்மாவுக்கு மூட்டுவலி, எல்லோரும் சைவம், ஷின்ஜுக்குவில் அறை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். உவேனோ, ஒக்காச்சிமாச்சி பக்கம் பாருங்கள்.

ஷின்ஜுக்கு கலகலப்பான இடம்தான். ஒரு மாலை போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள். ஆனால் உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் ரயில் நிலையம் என்று கின்னஸில் ஏறிய இடம் அது. வெளிவாசல்கள் மட்டும் 200க்கு மேல். நாள் முழுக்க நடந்து களைத்த பெரியவர்களை தினமும் இரவு அந்தக் கூட்டத்துக்குள் கூட்டி வருவது பெரிய பாடு.

உவேனோவில் முதலில் எனக்குப் பிடித்தது கின்ஸா லைன். 1927இல் உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய, ஆசியாவின் முதல் சுரங்க ரயில். பழைய பாதை என்பதால் தெருவுக்குக் கொஞ்சம் கீழேயே பிளாட்பாரம் வந்துவிடும். பிற்பாடு வந்த பாதைகள் இதற்கெல்லாம் அடியில் குடைந்து போகின்றன. ஓயெதோ லைனில் ரொப்பொங்கி நிலையத்தின் பிளாட்பாரம் 42 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் ஒவ்வொரு நாளும் தெரியும். சென்சோஜி கோயில், கின்ஸா, ஷிபுயா மூன்றுக்கும் இதிலேயே மாறாமல் போகலாம். நகரைச் சுற்றிவரும் யாமனோத்தே ரயிலும் உவேனோவில் நிற்கிறது. நரிதா விமான நிலையத்தில் இறங்கினால் ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்தில் கெய்செய் உவேனோ நிலையத்தில் விட்டுவிடும்.

சாப்பாடு இன்னொரு காரணம். ஒக்காச்சிமாச்சி நகை, ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். இந்திய வியாபாரிகள் அங்கே இருப்பதால் சைவச் சாப்பாடு நடக்கும் தூரத்தில் கிடைக்கும், தென்னிந்தியச் சமையல் உட்பட. ஜப்பானியக் கடைகளில் காய்கறி சூப் என்று வருவதிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். அதனால் ராத்திரி போய்ச் சாப்பிட ஒரு நிச்சயமான இடம் பக்கத்தில் இருப்பது பெரிய நிம்மதி.

ஓட்டலின் இணையப் பக்கத்தில் 'நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அது எந்த வாசலிலிருந்து, அந்த வாசலில் லிஃப்ட் உண்டா என்று பாருங்கள். பல நிலையங்களில் ஓரிரு வாசலுக்குத்தான் லிஃப்ட், மற்றவை படிக்கட்டுதான். நிலையத்தின் வரைபடத்தில் லிஃப்ட் வாசல் குறிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து ஓட்டல் வரை கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

அறையின் சதுர மீட்டரையும் பாருங்கள். பிசினஸ் ஓட்டலில் 11, 12 சதுர மீட்டர் அறை சாதாரணம்; இரண்டு பெரிய பெட்டியை விரித்து வைத்தால் கால் வைக்க இடமிருக்காது. 'செமி டபுள்' என்றால் கட்டில் அகலம் சுமார் 120 செ.மீ. உங்கள் பெற்றோருக்கு அது ஆகாது, இரண்டு தனிக் கட்டில் போட்ட 'ட்வின்' அறை கேளுங்கள். தேடும்போது ஆள் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள், பல ஓட்டல்களில் ஆள் கூடினால் வாடகையும் கூடும். புகைபிடிக்காத அறைதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் ஒரே அறையில் இருக்க விரும்பினால் மிமாரு போன்ற, சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் ஓட்டல்கள் உண்டு. வாடகை கூடுதல்தான், ஆனால் ரசம் சாதம் வைத்துக்கொள்ளலாம் என்றால் உங்கள் அம்மா வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை செர்ரிப் பூக் காலம், ஏப்ரல் 29க்குப் பிறகு கோல்டன் வீக் விடுமுறை. இரண்டிலும் வாடகை எகிறும். அப்போது போவதென்றால் ரத்து செய்யும் வசதியோடு இப்போதே பதிவு செய்து வையுங்கள்.

அடுத்து கியோட்டோ போவதாகச் சொன்னீர்கள். பெரிய பெட்டிகளை முந்தின நாளே ஓட்டல் வரவேற்பில் கொடுத்து 'தக்யூபின்' (பெட்டிகளை அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கும் சேவை) என்று சொல்லுங்கள். பொதுவாக மறுநாள் கியோட்டோ ஓட்டலுக்கு வந்துவிடும். கூடவே எடுத்துப்போவதென்றால், நீள அகல உயரத்தின் கூட்டு 160 செ.மீ.யைத் தாண்டும் பெட்டிக்கு அந்த வழி ஓடும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில், பெரிய பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும்.