எடை பற்றிய எண்ணம் வயதோடு மாறுவது ஏன்?

கேள்வி: என் மகள் 12 வயதில், எடை சரியாக இருந்தபோதே, கண்ணாடி முன் நின்று இடுப்புச் சதையைக் கிள்ளிப் பார்த்து, "குண்டாகிவிட்டேன்" என்று அழுவாள். இப்போது அவளுக்கு 16 வயது. எடை கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னால், "என் தோழிகளும் இப்படித்தானே இருக்கிறார்கள்" என்கிறாள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்புங்கள், இரண்டு முறையும் அவள் மனத்தில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறாள். பருவமடையும்போது பெண்ணின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயற்கை. அந்த வளர்ச்சி பையன்களைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குவதால், வகுப்பில் முதலில் வளர்ந்தவள், சுற்றியிருக்கும் சின்ன உடல்களோடு ஒப்பிட்டுத் தன் வளர்ச்சியையே பருமன் என்று எண்ணிக்கொள்கிறாள். தோழிகளும் வளர்ந்தபின் அந்த ஒப்பீடு மாறிவிடுகிறது.

தலைமுறை அளவிலும் இந்த நகர்வு தெரிகிறது. 2002 முதல் 2018 வரை 41 நாடுகளில் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் திரட்டிய விவரங்களின்படி, தம் எடையைக் குறைத்து மதிப்பிடுவோர் கூடினர், மிகைப்படுத்துவோர் குறைந்தனர். இரண்டு மாற்றங்களும் பெண்களிடம் அதிகம். பருமனான உடல்கள் பெருகும்போது, எது சாதாரணம் என்ற அளவுகோலும் நகர்கிறது என்று நினைக்கத் தோன்றும்; ஆனால் நாடுகளில் பருமன் பெருகியதை வைத்து இந்த மாற்றத்தை அந்த ஆய்வால் விளக்க முடியவில்லை.

அதற்காக, "நீ குண்டுதான்" என்று அவளை ஒப்புக்கொள்ள வைக்க முயலாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: இளையோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், உண்மை எடை எதுவானாலும், தம்மைப் பருமனாக நினைத்தவர்களே பின்னாளில் கூடுதலாக எடை போட்டார்கள். மனத்தில் ஏறும் அவமானம் சாப்பாட்டிலும் வெளிப்படலாம்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டில் (BMI) பெரியவர்களுக்கான எல்லையான 25 என்ற எண்ணையும் அவள்மேல் சுமத்த வேண்டாம். 19 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடமே அளவு. அவளுடைய பழைய உயர, எடைக் குறிப்புகளை மருத்துவரிடம் கொடுத்து, வரைபடத்தில் அவளுடைய கோடு எங்கிருந்து மேலேறியது என்பதை அவளிடமே காட்டச் சொல்லுங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.

அவள் உணவைத் தவிர்த்தாலோ, சாப்பிட்டபின் வாந்தி எடுத்தாலோ, மாதவிலக்கு நின்றாலோ, எடை எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.