ஊசிக்கு இறங்கும் பால் கறவைக்கு ஏன் இறங்கவில்லை?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊர். இரண்டு வாரத்துக்கு முன் பொய்கைச் சந்தையில் இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பின மாடு ஒன்றைக் கன்றோடு வாங்கினேன். வேளைக்கு ஐந்து லிட்டர் கறக்கும் என்றார்கள். வந்த சில நாளில் கன்று கழிச்சல் கண்டு செத்துவிட்டது. அதிலிருந்து மாடு பாலை அடக்கிக்கொள்கிறது. மடி நிறைந்து கிடக்கிறது, கறந்தால் ஒரு லிட்டர்தான். நேற்று பக்கத்து நிலத்து அண்ணன் ஒரு ஊசி போட்டார்; கொஞ்ச நேரத்தில் மேலும் நாலு லிட்டர் இறங்கியது. இதைத் தினமும் போடலாமா? அந்த மருந்து உள்ளே போய் என்னதான் செய்கிறது?

பதில்: தினமும் போட வேண்டாம். ஆனால் அந்த ஒரு ஊசி உங்களுக்கு ஒரு நல்ல சேதியைச் சொல்லிவிட்டது. பால் ஊறுகிறது, மடி நன்றாக வேலை செய்கிறது. மூளையிலிருந்து மடிக்குப் போக வேண்டிய கட்டளை மட்டும்தான் கிளம்பவில்லை. அதைக் கிளப்புவதற்கு வழி இருக்கிறது.

மடிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகள் ஏராளம். பால் ஊறுவது அவற்றில்தான். பசு மாட்டில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு பால், மாடு சுரப்பு விடும்வரை, அதாவது பாலைக் கீழே இறக்கும்வரை, அங்கேயே தங்கியிருக்கும். காம்புக்கு மேலே உள்ள அறைக்குத் தானாக இறங்கி நிற்பது மிச்சம் ஒரு பங்கு. உங்களுக்குக் கிடைத்த ஒரு லிட்டர் அதுதான். எருமைக்கு இந்தப் பங்கு இன்னும் குறைவு. அதனால்தான் எருமையைச் சுரப்பு விட வைக்க அதிக நேரம் பிடிக்கிறது.

ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றித் தசை போன்ற செல்கள் வலைபோட்டிருக்கின்றன. அவை சுருங்கினால் பால் கீழே பிதுங்கி வரும். அவற்றைச் சுருங்கச் சொல்லும் நரம்பு எதுவும் அங்கே கிடையாது. கன்று முட்டும்போதும் நீங்கள் மடியைக் கழுவும்போதும் காம்பிலிருந்து சேதி மூளைக்குப் போகிறது. மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. உங்கள் அண்ணன் போட்ட ஊசியிலும் இதே பொருள்தான் இருந்திருக்கும். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி அது. 1953இல் வின்சென்ட் டு வினோ என்ற அமெரிக்க வேதியியலாளர் இதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டி, 1955இல் நோபல் பரிசு வாங்கினார். அதன் பிறகு இதைச் செயற்கையாகச் செய்து விற்கும் காலம் வந்தது.

இரத்தத்தில் கலந்த ஆக்ஸிடோசின் காது, குளம்பு, ஈரல் என்று உடம்பெல்லாம் சுற்றுகிறது. ஆனால் எல்லா இடமும் பதில் சொல்வதில்லை. ஊர் முழுக்கத் தண்டோரா போட்டாலும், ரேஷன் அட்டை வைத்திருப்பவர்தானே கடைக்குக் கிளம்புவார்? அதுபோல, எந்தச் செல்லின் மேல்தோலில் ஆக்ஸிடோசினுக்கான ஏற்பி, அதாவது ரிசப்டர், இருக்கிறதோ அதுதான் அசையும். மடியின் இந்தத் தசைச் செல்களில் அது இருக்கிறது. கருப்பையிலும் இருக்கிறது, கன்று ஈனும் நேரம் நெருங்க நெருங்க அங்கே எண்ணிக்கை ஏறும். நிறைசினை மாட்டுக்கு இந்த ஊசியை விளையாட்டாகப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

'உள்ளே போய் என்ன செய்கிறது' என்று கேட்டீர்கள். செல்லுக்குள் அது போவதே இல்லை. ஏற்பி என்பது செல்லின் சவ்வில் உள்ளும் புறமுமாகப் பதிந்திருக்கும் ஒரு புரதம். வெளிப்பக்கம் ஆக்ஸிடோசின் வந்து பொருந்தியதும் புரதத்தின் வடிவம் லேசாக மாறுகிறது. அந்த மாற்றம் உள்பக்கம் காத்திருக்கும் ஜி-புரதம் என்ற சேதி கடத்தும் புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. அது இன்னும் சில பொருள்களைக் கிளப்பிவிட, செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் திறந்து கொட்டுகிறது, செல் சுருங்குகிறது. வெளியே வந்து ஒட்டியது ஒரே ஒரு மூலக்கூறு என்றாலும், உள்ளே அது படிக்குப் படி பெருகிவிடும். மிகச் சிறிய அளவு ஹார்மோனுக்கே இவ்வளவு பெரிய மடி இறங்குவது இப்படித்தான்.

அப்புறம் ஏன் தினமும் கூடாது? ஊசியில் போகும் அளவு, மாடு தானாக விடும் அளவைவிடப் பல மடங்கு. சேதி அளவுக்கு மீறி வந்துகொண்டே இருந்தால் செல் தன் ஏற்பிகளை மழுங்கடித்துக்கொள்ளும், சிலவற்றை உள்ளே இழுத்தும் வைத்துக்கொள்ளும். நாள் கணக்கில் ஊசி போட்டு நிறுத்திய மாடுகளில், மூளை ஆக்ஸிடோசினை விட்டாலும் மடி முன்போல் இறங்குவதில்லை என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். 'ஊசிக்குப் பழகிவிட்டது' என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சு இல்லை. நீங்கள் ஒருமுறைதான் போட்டிருக்கிறீர்கள், அதற்குள் கெட்டுப்போகாது. விற்றவர் ஏற்கெனவே பழக்கியிருந்தால்தான் சிக்கல். அப்படியானால் கால்நடை மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திக் கொடுப்பார்.

சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பாலைக் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் பொருளை ஊசியாகப் போடுவதைக் குற்றம் என்கிறது. லேபிள் இல்லாத பாட்டிலில் வருவதை நம்பவே வேண்டாம். ஆனால் அந்தப் பாலைக் குடித்தால் அது மனிதருக்குள் போய் வேலை செய்யும் என்று பரப்புகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாய்வழி போனால் வயிற்றில் செரித்து உடைந்துவிடும் பொருள் அது. கெடுதல் மாட்டுக்குத்தான்.

சரி, கட்டளை ஏன் கிளம்பவில்லை? புது இடம், புது ஆள், கன்றும் இல்லை. பழக்கமில்லாத இடத்தில் கறக்கும் மாடுகளில் மூளை ஆக்ஸிடோசினை விடாமல் நிறுத்திவைப்பது பலமுறை பார்த்த விஷயம். இதோடு மாட்டை அதட்டினால், காலைக் கட்டி அடித்தால், அட்ரினலின் ஏறும். அதற்கு மடியிலேயே தனி ஏற்பிகள் உண்டு. அது இரத்தக் குழாயைச் சுருக்கும், வருகிற கொஞ்ச ஆக்ஸிடோசினும் போய்ச் சேராது. கறக்கும் நேரத்தில் நாயை அவிழ்த்து விடுவது, பக்கத்தில் மோட்டார் போடுவது எல்லாம் இந்தக் கணக்குதான்.

ஆகவே ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே கட்டுத்தறியில் கறக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து கறவை நேரத்துக்கென்றே எடுத்து வையுங்கள். தீனி தின்னும்போது ஆக்ஸிடோசின் கூடுதலாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, துடைத்து, ஒரு நிமிடம் காம்பையும் மடியையும் நீவிவிடுங்கள். காம்பு விறைத்து நிரம்பியதும் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். ஆக்ஸிடோசின் இரத்தத்தில் சில நிமிடம்தான் நிற்கும். ஏழெட்டு நிமிடத்துக்குள் கறந்து முடியுங்கள். கழுவிவிட்டு டீ குடிக்கப் போனால் அந்த வேளைப் பால் போச்சு. கட்டைவிரலை மடக்கி இழுக்காமல் முழுக் கையால் பிடித்துக் கறப்பது நல்லது. வலி இருந்தால் மாடு மறுபடி அடக்கும்.

செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்த வைக்கோல் கன்றை வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சில மாடுகள் அதன் வாசனைக்குச் சுரப்பு விடும்தான். ஆனால் உங்கள் கன்று கழிச்சலில் செத்தது. அந்தத் தோலை மறுபடி தொழுவத்துக்குள் கொண்டு வர வேண்டாம் என்பது என் கருத்து. தீனிக்கும் நீவலுக்கும் மாடு பழகிவிடும்.

முதல் சில நாள் பால் குறைவாகத்தான் வரும். அந்த நாளிலும் கறவையை விடாதீர்கள். தேங்கும் பாலே பால் ஊறுவதைக் குறைக்கச் சொல்லும், மடிநோய்க்கும் இடம் கொடுக்கும். ஒரு காம்பு மட்டும் சூடாக இருந்தாலோ, முதல் பீச்சில் பால் திரிந்தோ நீர்த்தோ வந்தாலோ அது வேறு கதை. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வர வாகனம் இல்லையென்றால் 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.