சூரியன் மலைக்குக் கீழே

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சூரிய உதயம் வரையச் சொன்னால் சூரியனை மலைக்குக் கீழே போடுகிறாள். டீச்சர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி அனுப்பியிருக்கிறார். ஓவிய வகுப்பில் சேர்த்துவிடலாமா? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கலைப் பாடத்தில் எதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் மகள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள், அம்மா. கோத்தகிரி இருப்பது நீலகிரியின் கிழக்கு விளிம்பில். விடியற்காலையில் கோடநாடு காட்சிமுனைக்குப் போய் நின்று பாருங்கள். கிழக்கே, காலுக்குக் கீழே, சமவெளி விரிந்து கிடக்கும். சூரியன் அங்கேயிருந்துதான் ஏறி வரும். பிள்ளை கண்ணால் கண்டதைப் போட்டிருக்கிறாள். டீச்சர் மனதில் இருந்தது வேறு படம்.

அது எந்தப் படம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு முக்கோண மலை. நடுவில் அரைவட்டச் சூரியன், சுற்றிலும் கோடு கோடாகக் கதிர். மலை இடுக்கில் கிளம்பும் ஆறு வளைந்து வளைந்து தாளின் கீழ் ஓரம் வரை வந்து நிற்கும். கரையில் ஒரு குடிசை, குடிசைக்கு ஒரு தென்னை. வானத்தில் நாலு பறவை, கணக்கு நோட்டில் போடும் டிக் மாதிரி. மலையையே பார்க்காத ராமநாதபுரத்துப் பிள்ளைக்கும் இதே மலைதான். தினமும் கடலைப் பார்க்கிற ராமேஸ்வரத்துப் பிள்ளைக்கும் இதே ஆறுதான். தாத்தா வரைந்தார், அப்பா வரைந்தார், இப்போது பேத்தி வரைகிறாள். எந்தக் குடும்பச் சொத்தும் வில்லங்கமில்லாமல் இவ்வளவு ஒழுங்காகக் கைமாறியதில்லை. ஏறத்தாழ 6,000 அடி உயரத்துக் குளிரில் தென்னை எங்கே வளரும்? கோத்தகிரிப் பிள்ளை அதைப் பார்க்க மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டும். வாசலில் நிற்கிற சில்வர் ஓக் மரத்துக்கு அந்தப் படத்தில் இடமில்லை. மேகமூட்டம் இல்லை, தேயிலை இல்லை, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வரிசை இல்லை.

அந்த முக்கோணமே நம் மலைக்குப் பொருந்தாது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்துக்கே தலை உருண்டைதான். அவலாஞ்சிப் பக்கம் பழைய நிலம் மிச்சமிருக்கிற இடங்களில் பாருங்கள்: உருண்ட மேடெல்லாம் புல், இரண்டு மேடு சேரும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக் காடு. இதை ஒரு தடவை வண்ணத்தில் போட்ட பிள்ளை அடுத்ததாகக் கேட்கும், "மரமெல்லாம் ஏன் பள்ளத்துலயே நிக்குது?" மடிப்பில் ஈரம் உண்டு, காற்றுக்கு மறைவு உண்டு, திறந்த புல்வெளியில் முளைக்கிற கன்றை உறைபனி கருக்கிவிடும். அறிவியல் பாடம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சோலை மரங்கள் பல சிவப்பாகத்தான் தளிர்விடும். ஒரு பிள்ளை மரத்துக்குச் சிவப்பு அடித்தால் பச்சைக் கிரேயானை அதன் கையில் திணிக்காமல், முதலில் சன்னலுக்கு வெளியே பாருங்கள். தேயிலைக்குள் காட்டெருமையைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகளிடம் அதன் கால் என்ன நிறம் என்று கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளை. வரைந்து பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

எதைக் கற்க வேண்டும் என்று கேட்டீர்கள். முதலில் இப்படிப் பார்ப்பதை. அப்புறம் கைக்கு வேலை: களிமண் பிசைவது, தாளைக் கிழித்து ஒட்டுவது, நூலில் முடிச்சுப் போடுவது. அப்புறம் காது: எட்டு எண்ணி விடாமல் தாளம் தட்டுவது, கத்தாமல் சேர்ந்து பாடுவது. இதற்கெல்லாம் நீலகிரியில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை: தோடர், கோத்தர், குறும்பர் என்று பழங்குடிகளே இருக்கிறார்கள். தோடர் பெண்களின் பூவேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும். துணிமேல் எதையும் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓவியப் பீரியடைக் கணக்குக்குப் பிடுங்கிக்கொள்ளும் பள்ளிகள் ஒரு தோடர் பாட்டியை அழைத்து உட்கார வைக்கட்டும், கணக்கும் நடக்கும். கோத்தர் பெண்கள் பானை வனைந்தவர்கள். குறும்பர் ஓவியர்கள் வேங்கை மரப் பிசினிலிருந்து நிறம் எடுக்கிறவர்கள். இவர்களுடைய பேரப்பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தென்னை மரம் வரையச் சொல்கிறோம். எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு கோபமும் உண்டு. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் சொல்கிறேன். ஏழு வயதுப் பிள்ளை அஞ்சாமல் வரையும். அம்மாவுக்குப் பெரிய தலை வைக்கும். சுவருக்குள் இருக்கிற அடுப்பும் வெளியே தெரியும். அது தப்பில்லை, வளர்ச்சியில் ஒரு படி. கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1940களிலேயே இந்தப் படிகளை வகுத்துக் காட்டினார். ஒன்பது வயதுவாக்கில்தான் "நிஜம் மாதிரி இல்லையே" என்று பிள்ளைக்கே உறுத்த ஆரம்பிக்கும். பலர் பென்சிலைக் கீழே வைப்பது அப்போதுதான். அதாவது நாலாம், ஐந்தாம் வகுப்பில். பக்கத்தில் உட்கார்ந்து நிழலையும் தூரத்தையும் காட்டிக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டிய நேரம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ கலைக்கு ஆசிரியர் தருவது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் பகுதிநேரம், அதுவும் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் இருந்தால். மலைக் கிராமத்தில் மூன்று வகுப்புக்கு நூறு பிள்ளைகளை எங்கே போய்ப் பிடிப்பது? 2012இல் தமிழ்நாட்டில் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிள்ளைகளின் கலைக்கு நாம் வைத்த விலை.

ஆண்டு விழாவையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளைச் சினிமாக் குத்துப்பாட்டுக்கு ஆட வைப்பதைக் கண்டித்து முன்பு இங்கே எழுதினேன். ஒரு பள்ளித் தாளாளர் "பெற்றோர் அதைத்தானே கேட்கிறார்கள்" என்று நீளமாகக் கடிதம் போட்டார். நான் இன்றும் ஒப்பவில்லை. கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணியில் படுகர் மக்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அவர் ஒரு தடவை போய்வரட்டும். படுகர் ஆட்டத்தில் வட்டம்தான், முன்வரிசை பின்வரிசை கிடையாது. நன்றாக ஆடுகிற பிள்ளையை முன்னால் நிறுத்தி, மற்றதை ஓரத்தில் மரமாக நிற்க வைக்கிற வேலையும் கிடையாது.

ஓவிய வகுப்பு இப்போது வேண்டாம். கோட்டுக்குள் கலர் அடிக்கிற புத்தகமும் வேண்டாம். பெரிய தாளும் கிரேயானும் கரித்துண்டும் போதும். நாலாம் வகுப்பில் அவள் ரப்பரும் கையுமாக உட்கார்ந்து "எனக்கு வரலைம்மா" என்பாள், அப்போது ஆசிரியரைத் தேடுங்கள். அவள் படிப்பது அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள். அதே 2009 சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும். கழிப்பறை, குடிநீரோடு இதையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.